ஸ்கேல் கேட்டு எழுதிய வரி

துறைமுகத்துப் பக்கம் போய் எழுத்துக்காரர் எங்கே என்று கேட்டால் படகுக் கொட்டகைக்குக் கை காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு உண்டு. கல்யாணப் பதிவேட்டில் எழுதியதோடு சரி, அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை. சுங்க அதிகாரிகள்தான் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

அவர் வேலை படகுக்குப் பேர் எழுதுவது. மூக்கில் பேர், இரண்டு விலாவிலும் பதிவு எண். பலகையை உப்புத்தாளால் தேய்ப்பார். நூலில் சாக்பொடி தடவி இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துச் சுண்டுவார். வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் எழுத்தெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்து உட்காரும். மூன்று பாஷையில் எழுதுவார். மூன்றும் முத்து முத்தாக இருக்கும்.

மூன்றில் ஒன்றையும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

எண் தெரியும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒன்றும் தப்பாது. எழுத்துதான் தலையில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் போனார், இரண்டு வருஷமும் அடி வாங்கினார், அதற்குமேல் அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று கடற்கரைக்கு வந்துவிட்டார். படகுக்காரர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பதை உருவமாகத்தான் பார்ப்பார். இது கொக்கி, இது வாத்து, இது குடை, இது மூட்டை தூக்குகிற ஆள். "கொக்கி, வாத்து, வாத்து, குடை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினால் எவ்வளவு பெரிய பேரும் பிசகாமல் வந்துவிடும். சீட்டில் கோழி கிறுக்கினது போல் இருக்கிற எழுத்து, இவர் கைக்கு வந்தால் குளித்துத் தலை சீவிக்கொண்டு நிற்கும்.

ஒரே ஒரு தடவை மாட்டப் பார்த்தார். ஒரு கிழவர் தன் படகுக்கு வைக்கிற பேரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதே சீட்டின் பின்பக்கம் கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் இருந்தது. காற்றில் சீட்டு புரண்டுவிட்டது. மறுநாள் கிழவர் வந்து பார்த்தால் படகின் மூக்கில், சிவப்பில் எழுதி மஞ்சளில் நிழல் கொடுத்து, 'ஆணி இரண்டு கிலோ தார் ஒரு டின்' என்று இருக்கிறது.

"என்னய்யா இது?"

"நீங்க குடுத்ததுதாங்க. இந்தப் பக்கம்தான மேல இருந்துச்சு."

"யோவ், பெத்த புள்ளைக்கு எவனாவது ஆணின்னு பேரு வைப்பானா?"

"உங்க படகு, உங்க இஷ்டம். அதையெல்லாம் நான் கேக்க முடியுமா?"

கிழவர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். விஷயம் புரிந்துபோயிற்று. ஆனால் பெரிய மனுஷன், வாயைத் திறக்கவில்லை. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தபோது, சீட்டை மாற்றிக் கொடுத்தது நான்தான் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

அந்தக் கிழவரை விட்டால் விஷயம் தெரிந்தது மனைவிக்கு மட்டும். அவள் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள், எட்டாவது வரை படித்தவள். கரண்டு பில்லிலிருந்து மருந்துச் சீட்டு வரை வீட்டில் அவள்தான் படிப்பாள்.

"படிக்கத் தெரியலன்னா என்ன இப்ப? கொலையா பண்ணிட்டீங்க?" என்பாள்.

"எழுதறவனுக்கே எழுத்து தெரியாதுன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான் புள்ள?"

இந்த ஒரு பயத்தை இருபத்தைந்து வருஷம் சுமந்தார். டீக்கடையில் உட்கார்ந்தால் கையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொள்வார். படம் இருக்கிற பக்கமாகப் பார்த்துப் பிரிப்பார். தலைகீழாகப் பிடித்துவிடக் கூடாதே.

இனி வழக்குக்கு வருகிறேன். காவல் படகு ஒன்று கடலில் ஒரு படகை மடக்கியது. ஐஸ் போடுகிற அறைக்கு அடியில் இன்னொரு அறை, அதில் தங்கக் கட்டி. அந்தப் படகின் விலாவில் இருந்த எண்ணை வைத்துத் துறையில் தேடினால், அதே எண்ணோடு இன்னொரு படகு சாதுவாகக் கட்டிக் கிடக்கிறது. ஒன்று கடலுக்குப் போய் வரும், ஒன்று கரையில் இருந்து கணக்குக் காட்டும். இரண்டிலும் ஒரே கை எழுதியது. அந்தக் கையைத் தெரியாதவர்கள் துறையில் கிடையாது.

பொய் சொல்ல வேண்டியதில்லை, மனுஷன் எண் தெரிந்தவர். இரண்டாவது படகுக்கு எழுதும்போதே படகு முதலாளியின் ஆளைக் கேட்டிருக்கிறார்.

"இதே நம்பரைப் போன மாசம் இன்னொண்ணுக்குப் போட்டேனே?"

"அதை உடைக்கப் போட்டாச்சு. நீ எழுதுய்யா."

கேட்டதோடு சரி. எழுதிவிட்டார். அதைத் தப்பு என்பீர்களோ, ஏமாளித்தனம் என்பீர்களோ, உங்கள் பாடு. முதலாளியும் அவர் ஆளும் அன்றைக்கே காற்றாய்ப் பறந்துவிட்டார்கள். கொட்டகையில் பிரஷ்ஷும் கையுமாக நின்றது இவர் ஒருத்தர்தான்.

இவரைப் பிடித்து உள்ளே போட்ட நாற்பதாவது நாள் ஜாமீன் கிடைத்தது. சிறை வாசலில் மச்சினன் வண்டி பிடித்து நின்றான். பஸ் கண்டக்டர், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பெரிய கதவில் இருக்கிற சின்னக் கதவு வழியாக அவனுடைய காக்கிக் கால்சட்டை இவருக்குத் தெரிந்தது. நடுவில் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் ஒரு அதிகாரி. மேஜையில் தலையணை கனத்துக்கு ஒரு கட்டுக் காகிதம்.

"இதெல்லாம் வாங்கிக்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றார் அதிகாரி. ஒரு துண்டுத் தாளில் ஆபீஸ் பாஷையில் கிறுக்கி, "இதைப் பாத்து அப்படியே எழுதுங்க" என்று நீட்டினார்.

வெளியே விடுவதற்குத்தான் எழுதச் சொல்கிறார்கள் என்று இவர் நினைத்தார். தாளைப் பார்த்தார். கோடு இல்லாத வெள்ளைத் தாள்.

"ஸ்கேல் இருக்குங்களா?"

"எதுக்கு?"

"கோடு இல்லீங்க. எழுத்து சாயும்."

அதிகாரி சிரித்துக்கொண்டே ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். இவர் பென்சிலால் மெல்லிசாக இரண்டு கோடு இழுத்தார். கொக்கி, நாற்காலி, குடை, வாத்து. நாற்பது நாளாகப் பிரஷ்ஷைத் தொடாத கை, விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடித்தது போல் எழுதியது. முடித்துவிட்டு மை காய ஊதினார். அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, எங்க ஆபீஸ்ல இப்படி எழுத ஒருத்தன் இல்ல" என்றார். இவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்புறம் அந்தச் சின்னக் கதவைச் சாத்தினார்கள், இவரை உள்ளே வைத்து.

அது தடுப்புக் காவல் உத்தரவு. செய்ததற்குத் தண்டனை இல்லை அது. வெளியே விட்டால் இனிமேலும் செய்வான், அதனால் ஒரு வருஷம் உள்ளேயே இருக்கட்டும் என்று அரசாங்கம் போடுகிற பூட்டு. அதற்கு வழக்கு விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம், ஜாமீனும் கிடையாது. கட்டுக் காகிதம் முழுவதும் ஏன் பூட்டுகிறோம் என்று சொல்கிற காரணங்கள். இவர் முத்து முத்தாக எழுதிக் கொடுத்த வரிக்கு அர்த்தம் இதுதான்: 'இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் பெற்றுக்கொண்டேன், படித்தேன், புரிந்துகொண்டேன்.'

மனைவி ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். வக்கீலம்மா வளவளவென்று பேசாத ஆள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னதை மனைவி சிறையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று இவரிடம் சொன்னாள்.

"நீங்க படகுக்கு நம்பர் எழுதினது தப்பா சரியான்னு இந்தக் கேஸ்ல கோர்ட்டு பாக்காதாம். காகிதம் எல்லாம் முறையாக் குடுத்தாங்களான்னு மட்டும்தான் பாக்குமாம். புரியாத பாஷையில குடுத்து, புரியற மாதிரி யாரும் படிச்சுக் காட்டலன்னா, உத்தரவே செல்லாதாம்."

"அப்படியா?"

"அப்படித்தான். அதுக்கு முன்னாடி மூணு பெரியவங்க உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். அங்க வக்கீல் வரக் கூடாதாம். நீங்களேதான் சொல்லணும். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, யாரும் படிச்சுக் காட்டலீங்கன்னு. அது ஒண்ணு போதும்னாங்க."

"சொல்றேன்."

"தலையைத் தலையை ஆட்டாதீங்க. ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க."

இவர் பக்கத்தில் நின்ற கைதிகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பத்து வாரம் கழித்து அந்த மூன்று பெரியவர்களின் ஆலோசனைக் குழு கூப்பிட்டது. நீள மேஜை, மூன்று வயசானவர்கள், மேஜை விசிறி ஒன்றைக் காகிதம் பறக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கொடுமைக்காரர்கள் என்று சொல்ல முடியாது. நடுவில் இருந்தவர் உட்காரச் சொன்னார், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவர் பேசுவதை இவருக்குச் சொல்லவும் இவர் பேசுவதை அவருக்குச் சொல்லவும் ஒரு குமாஸ்தா இருந்தான். முப்பது வயசு இருக்கும். இவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, எங்கப்பா படகுக்கு நீங்கதாண்ணே எழுதினீங்க. நீல எழுத்து. அதைப் பாத்துப் பாத்து எழுதித்தான் நான் எழுத்தே பழகினேன்."

இதைவிடப் பெரிய ஆப்பு வேறு எதுவும் வேண்டாம்.

நடுவில் இருந்தவர் கேட்டார். குமாஸ்தா சொன்னான்: "உங்களுக்குக் குடுத்த காகிதத்தை எல்லாம் படிச்சீங்களான்னு கேக்கறாங்கண்ணே."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவள் சொல்லிக் கொடுத்தது நாக்கு நுனி வரை வந்தது. எதிரே அந்தப் பையன், பேனாவைப் பிடித்துக்கொண்டு, இவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். 

"படிச்சேங்க."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

மூவரும் எழுதிக்கொண்டார்கள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்கள். அந்த நம்பரைத் தெரியாமல் எழுதிவிட்டேன், வீட்டில் சம்சாரம் தனியாக இருக்கிறாள் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. உத்தரவு சரிதான் என்று குழு சொல்லிவிட்டது.

அடுத்த தடவை வந்தபோது மனைவி கேட்டாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க."

அவள் நம்பினாள். வக்கீலம்மாவிடம் சொன்னாள். வக்கீலம்மா அதை மனுவில் எழுதி மேல் கோர்ட்டில் போட்டார். மனு போட்டதும் விடிந்துவிடும் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அரசாங்கத் தரப்பில் பதில் சொல்ல நாலு வாரம் கேட்டார்கள். அப்புறம் இன்னும் மூன்று வாரம். ஒரு தடவை நீதிபதி ஒருவர் லீவு. ஒரு தடவை பட்டியலில் கடைசியாகப் போட்டு, நேரம் முடிந்து எழுந்து போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். சூப்பர்வைசர், "உன் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷம், எனக்கு எத்தனை வருஷம்மா?" என்று கேட்டாராம். அவள் காலர் திருப்பிப் போட்டுத் தைத்தாளாம்.

எட்டாவது மாசம் வழக்கு விசாரணைக்கு வந்தது. சிறையில் ஒரு அறையில் டிவி மாதிரி ஒரு பெட்டி வைத்து அதில் கோர்ட்டைக் காட்டினார்கள். இவரைக் கொண்டுவந்து அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு வார்டர். ரிட்டயர் ஆகப் போகிறவர், ஆபீஸ் பாஷை அரைகுறையாகத் தெரிந்தவர். பெட்டியில் மேலே இரண்டு நீதிபதிகள், கீழே வக்கீல்கள், மூலையில் தீப்பெட்டி அளவுக்கு இவர் முகம். கடைசி பெஞ்சில் மனைவி கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தாள். பக்கத்தில் மச்சினன்.

வக்கீலம்மா பேசினார். கொஞ்ச நேரத்தில் நீதிபதிகள் இருவரும் சிரித்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று இவரும் சிரித்தார்.

"எதுக்குய்யா சிரிக்கிற?" என்றார் வார்டர்.

"அவங்க சிரிக்கறாங்களே."

"ஏதோ ஆணிங்கறாங்க. தாருங்கறாங்க. படகுக்கு எவனோ ஆணின்னு பேரு வெச்சானாம்."

கிழவர் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று இவருக்கு அப்போதுதான் தெரிந்தது. காது மடல் சுட்டது. இருபத்தைந்து வருஷமாக மூடி வைத்தது ஒரு கோர்ட்டு முழுக்கத் திறந்து கிடந்தது. சரி, போகட்டும், வீட்டுக்குப் போனால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அரசு வக்கீல் எழுந்தார். ஒரு தாளை நீதிபதிகளிடம் கொடுத்தார். அதே தாளைப் பெட்டியிலும் பெரிசாகக் காட்டினார்கள். இவர் பார்த்தார். கொக்கி, நாற்காலி, குடை, வாத்து. பென்சில் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. எழுத்து ஒன்றுகூடச் சாயவில்லை. நீதிபதிகளில் ஒருவர் பெண். அந்த நீதிபதியம்மா தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் புருவத்தைத் தூக்கினார்.

"இப்படி எழுதறவனா படிக்கத் தெரியாதவன்னு கேக்கறாங்க" என்றார் வார்டர்.

வக்கீலம்மா விட்டுக்கொடுக்கவில்லை. கையை வேகமாக ஆட்டிப் பேசினார். ஆலோசனைக் குழு, ஆலோசனைக் குழு என்று இரண்டு தடவை சொன்னது இவருக்கும் புரிந்தது.  அரசு வக்கீல் இன்னொரு தாளை எடுத்துப் படித்தார். மூன்றே வரிதான்.

வார்டர் இவர் பக்கம் திரும்பினார். "படிச்சேன், புரிஞ்சுதுன்னு அங்க நீயேதான் சொன்னியாமே?"

பெட்டியில் வக்கீலம்மா பேச்சை நிறுத்தினார். கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். கட்டைவிரல் அளவுக்கு இருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

இவர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல் கையைத் தூக்கினார். "ஐயா" என்றார்.

"உக்காருய்யா. நம்ம மைக்கை அவங்கதான் தெறக்கணும்."

தீப்பெட்டிக்குள் ஒரு ஆள் கையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து மூடுவதை யாரும் பார்க்கவில்லை. அந்த நீதிபதியம்மா குனிந்து ஏதோ குறித்தார். கோர்ட்டுக்காரர் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார். எண் இவருக்குப் புரிந்தது. அது இவருடையது இல்லை.

பதினைந்து நாளில் மனு தள்ளுபடி என்று தீர்ப்பு வந்தது.

அந்த வாரம் மனைவியும் மச்சினனும் சேர்ந்து வந்தார்கள். மச்சினன்தான் முதலில் பேசினான்.

"அதுக்கு மேல ஒரு கோர்ட்டு இருக்கு மச்சான். போடலாம்னுதான் சொன்னாங்க. ஆனா அங்க பட்டியல்ல வரதுக்குள்ள..."

"எத்தனை நாள் இருக்கு மாப்ள?"

"நூத்தி நாலு."

"அதுக்குள்ள வருமா?"

"அதுக்குள்ள நீங்களே வந்துருவீங்களாம்."

மனைவி வலையை ஒட்டி நின்றாள். காலர் வெட்டிய நூல் பிசிறு அவள் தோளில் ஒட்டியிருந்தது. கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். மச்சினன் வெளியே போய் நிற்கிறேன் என்று நகர்ந்தான்.

"அந்த மூணு பேர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?" என்றாள். "காகிதத்துல இருக்கறதை வக்கீலம்மா சொல்லிட்டாங்க. நீங்க உங்க வாயால சொல்லுங்க."

"சொல்லல."

"ஏன்?"

இவர் அந்தக் குமாஸ்தாவைப் பற்றிச் சொன்னார். நீல எழுத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது ஒரு காரணமாகத் தெரியவில்லை. 

"அவன் ஒருத்தன் முன்னாடி" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"சரி, அங்க சொல்லல. என்கிட்ட ஏன் சொன்னேன்னு சொன்னீங்க? அன்னைக்கே தெரிஞ்சிருந்தா வக்கீலம்மா வேற வழி பாத்திருப்பாங்க. அந்த வரியை எழுதச் சொன்ன ஆளைப் பிடிச்சிருப்பாங்க. நான் ஒரு முட்டாள், சொல்லிட்டாரு சொல்லிட்டாருன்னு அவங்ககிட்ட அடிச்சுச் சொன்னேன். கோர்ட்டுல அவங்க என்னைத் திரும்பிப் பாத்தாங்க பாருங்க..."

அவள் திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வலையின் ஒரு கண்ணியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். இவரும் அதே கண்ணியில் விரலை வைத்தார்.

பக்கத்தில் இருபது பேர் இருபது பேரோடு கத்திக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டைக் காட்டிய அறையில் கூட உட்கார்ந்திருந்த அதே வார்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நேரமாச்சு. போதும், வாய்யா."

இவர் அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த ஒருத்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த பாஷையும் தெரியாதுங்க. ஒரு எழுத்துகூடத் தெரியாதுங்க."

வார்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. அதுக்கென்ன இப்ப? நட, நட, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

இவர் வலையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு நடந்தார். அவள் நின்ற இடத்துக்கு அடுத்த கைதியின் வீட்டார் வந்துவிட்டார்கள். அவள் ஒதுங்கி வழி விட்டாள்.